முந்திக் கட்டிய பெனர்

ஓ.எல் பரீட்சைப் பெறுபேறு வெளியான அன்று காலை எட்டு மணிக்கு, சாய்ந்தமருது பிரதான வீதியில், பத்தடி பெனரில் நுஸ்ஹா சிரித்துக்கொண்டிருந்தாள். 'ஒன்பது பாடங்களிலும் ஏ சித்தி. வழிகாட்டிய கணித ஆசான் அஸ்பாக் சேர்' என்று கீழே எழுதியிருந்தது. அவளுடைய படத்தைவிட என்னுடைய படம் கொஞ்சம் பெரிது. அதற்கு நான் பொறுப்பில்லை, அச்சகக்காரன் சப்ரிக்கு இடம் மிஞ்சிவிட்டதாம்.

பெறுபேற்றை நானே அப்போது பார்த்திருக்கவில்லை.

எங்கள் ஊரில் யாருடைய பெனர் முதலில் ஏறுகிறதோ, அடுத்த வருடப் பிள்ளைகள் அவருடைய டியூஷன் கொட்டிலுக்குத்தான் போவார்கள். போன வருடம் அடுத்த கொட்டில்காரர் ஸஹீத் சேர் இரண்டு மணித்தியாலத்தில் ஏற்றினார். என்னுடையது மறுநாள் ஏறியது, அதுவும் மழையில். அதனால் இம்முறை ஒரு கிழமைக்கு முன்பே அடித்து வைத்துவிட்டேன். மூன்று வருடமாக முன் வரிசையில் இருந்த பிள்ளை, அவ்வளவு நம்பிக்கை. நான் கோல் எடுத்தால்தான் கட்ட வேண்டும் என்று சப்ரியிடம் சொல்லியிருந்தேன். அவன் பேஸ்புக்கில் 'ரிசல்ட்ஸ் வந்திட்டு' என்று கண்டதும் ஏணியைத் தூக்கிவிட்டான்.

பெண் பிள்ளை என்றால் படத்துக்குப் பதிலாக ரோசாப்பூ போடுவதுதான் இங்கே பலருக்கு வழக்கம். "ரோசாப்பூவப் பாத்து எந்தப் புள்ள ராத்தா படிக்கப் போகுது?" என்று நுஸ்ஹாவின் உம்மா முனவ்வறாவிடம் இரண்டு தரம் போய்ச் சம்மதம் வாங்கியவன் நான். வகுப்பில் தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி, "பெனர்ல வரப்போறியா, பெனர் கட்டப்போறியா?" என்பேன். கொட்டிலே சிரிக்கும். பத்தொன்பது வருடம் படிப்பித்து, பிள்ளைகள் எதற்காகப் பள்ளிக்கூடம் வர வேண்டும் என்பதற்கு நான் கண்டுபிடித்த ஆகப்பெரிய காரணம் அந்தப் பத்தடிதான்.

நுஸ்ஹாவின் பரீட்சைச் சுட்டெண்ணை இணையத்தில் அடித்துப் பார்த்தேன். எட்டு ஏ, ஒரு சி. அந்த சி கணிதம்.

அவளுக்குக் கோல் எடுத்தேன். போன் அணைத்துக் கிடந்தது. அடுத்த நிமிடம் முனவ்வறா எனக்கு எடுத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ் சேர்! பெனரக் கண்டுட்டு மாமிமாரெல்லாம் கோல் எடுத்துக் கொல்லுறாங்க. கத்தாருக்கு, அவட வாப்பாக்கும் படம் அனுப்பிட்டன். மகள் அங்கதானே? சேரக் கண்டுட்டு வாறன் எண்டு எட்டரைக்கே வெளிக்கிட்டா."

மணி ஒன்பதரை. என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது: "ஓம் ராத்தா, இஞ்சதான் இரிக்கா."

போனை வைத்த பிறகுதான் விளங்கியது. இனி அந்தப் பிள்ளையை இந்த உலகத்தில் யாரும் தேடமாட்டார்கள், என்னைத் தவிர.

கொட்டிலில் இல்லை. பாடசாலை வாசல் பூட்டியிருந்தது. அவளுடைய கூட்டாளி நஸ்லினின் வீட்டிலும் இல்லை. மோட்டார் சைக்கிளைக் கடற்கரைப் பக்கம் திருப்பினேன். இரண்டு வருடத்துக்கு முன், வேறோர் ஊரில், இப்படி ஒரு நாளில் ஒரு பிள்ளை... அந்தக் கதையை ஆசிரியர் அறையில் பிளேன்டீயோடு கதைத்தோம். நான் அதிலும் சிரிக்க ஒரு பகிடி விட்டிருப்பேன். ஞாபகம் இல்லை. ஞாபகம் வரவும் வேண்டாம்.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். "காக்கா, வெள்ள ஸ்காஃப் போட்ட புள்ள ஒண்டக் கண்டீங்களா?"

"அங்கால போன. என்ன சேர், உங்கட மூஞ்சப் பாத்தா நீங்கதான் பெயில் போல?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பயத்தில் பல் தெரிந்தால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

கரையேற்றிய தோணிகளைத் தாண்டியதும் கண்டேன். முழங்கால் அளவு தண்ணீரில், புத்தகப்பையைத் தோளில் போட்டபடி, கடலைப் பார்த்து நின்றாள். மோட்டார் சைக்கிள் மணலில் விழுந்தது. நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் அடக்குகிற தொண்டையால் கத்தினேன்.

"நுஸ்ஹா!"

"வராதீங்க சேர்."

நின்றேன். "என்ன மகள் செய்ற?"

"சும்மா நிக்கிறன். வீட்ட போக ஏலா. உம்மா எல்லாருக்கும் சொல்லிட்டா. வாப்பா கூட வேல செய்ற ஆக்களுக்கெல்லாம் காட்டிட்டாராம். இனி எப்படி சேர் சி எண்டு சொல்ற?"

"அது உன்ட பிழ இல்ல. நான்தான் பாக்காம அடிச்ச."

"கணக்கு நான்தானே பிழையாச் செஞ்ச."

ஒரு அலை அவளுடைய இடுப்புவரை வந்து போனது. நான் இறங்கினேன். சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியது.

"சேர், உங்களுக்கு நீந்தத் தெரியாதே!"

"தெரியா. ஆனா நீ வராட்டி நான் வருவன். பிறகு ரெண்டு பேரையும் அந்தக் காக்காமார் வலையில இழுக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. என் சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு கரைப்பக்கம் ஒரு அடி வைத்தாள். இன்னொன்று. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொரு அடி.

மணலில் அவளை இருத்திவிட்டு முனவ்வறாவுக்கு எடுத்தேன். "ராத்தா, நான் பொய் சொன்னன். புள்ள என்னட்ட வரல்ல. கடலுக்குள்ள நிண்டா. இப்ப என்ட பக்கத்துல இரிக்கா. மெட்ஸுக்கு சி. ரிசல்ட் பாக்காம பெனர் அடிச்சது நான்."

"கடலுக்குள்ளயா?" என்றார். திரும்பவும், "கடலுக்குள்ளயா சேர்?" சி பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு ஏசினார். படிச்ச மனிசனா நீங்க என்பதில் தொடங்கியது, மற்றதை எழுத முடியாது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "போன அவட்டக் குடுங்க" என்றார் கடைசியில்.

நுஸ்ஹா போனைக் காதில் வைத்து அழுதாள். "வாறன் உம்மா" என்று மட்டும் சொன்னாள்.

பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக முடியாது, ஊர் பார்க்கும். கரையோரமாகவே உருட்டிக்கொண்டு நடந்தேன்.

"எனக்கு மெட்ஸ் விருப்பமே இல்ல சேர்" என்றாள் திடீரென்று.

"பின்ன மூணு வருசம் முன் வரிசையில ஏன் இருந்த?"

"நீங்க பகிடி விடுவீங்க. வீட்ட உம்மாவும் நானும்தானே. சிரிக்கலாம் எண்டு வந்த."

மூன்று வருடத்தில் ஒரு நாளாவது நான் இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் பெனரைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் வேறு எதற்கோ வந்துகொண்டிருந்தாள்.

"இப்ப ஒரு பகிடி விடுங்க சேர்."

யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. மோட்டார் சைக்கிளை அடுத்த பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் கடலுக்கும் நடுவே நடந்தேன்.