விருந்தாளிக்குக் காட்டிய பச்சை

நூக்கூஸ் நகரத்துக்குப் போய்த் திரும்பி வந்து உப்பு வயலைப் பார்த்ததும் பிபிசாராவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வயல் பச்சைப்பசேலென்று இருந்தது.

பச்சையாக இருக்கவே கூடாத வயல் அது. கடல் வற்றி உப்புப் பூத்துக் கிடக்கும் அந்தச் சீமையில் எந்தக் கோதுமை பிழைக்கும் என்று கண்டுபிடிக்க, ஐந்து வருஷமாக உப்புத்தண்ணீரை மட்டுமே பாய்ச்சி வந்தாள். தாங்காதது சாக வேண்டும், வேலையே அதுதான். இந்த வருஷம் எல்லாம் கருகி, ஓரத்தில் ஒரே ஒரு வரிசை மட்டும் குட்டையாக, பிடிவாதமாக நின்று கதிர் முற்றியிருந்தது. அதன் விதை வேறெங்கும் கிடையாது.

இப்போது கருகியதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, நல்ல தண்ணீர் வாய்க்கால் கரையில் விளைந்த கோதுமையை அறுத்து வந்து மண்ணில் குத்தி வைத்திருந்தார்கள். பிணத்துக்குப் பவுடர் பூசினது போல. கருமம்!

பண்ணை இயக்குநர் கல்லிபெக் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார்.

"என்னண்ணே கூத்து இது?"

"தலைநகர்லேர்ந்து பெரிய மனுஷர் வந்துட்டுப் போனாரு தங்கச்சி. வீடு தேடி வந்தவருக்கு எழவு விழுந்த வயலையா காட்டறது? நம்ம மானம் என்னாவுறது? அசந்துட்டாரு போ! உன் பேரைத்தான் சொன்னேன்."

"என் பேரைக் குப்பையில போடுங்க. ஓரத்து வரிசை எங்க?"

"அதுலதான் கதிர் நல்லா முத்தியிருந்துச்சு. அறுத்து, சிவப்பு ரிப்பன் கட்டி, அவர் கையில குடுத்தேன். என்னா அழகுங்கற!"

"கொண்டு போயிட்டாரா?"

"கோட்டுல சுணை ஒட்டுதுன்னு சாப்பாட்டு மேசையிலயே வச்சுட்டாரு. ஏன், உனக்கும் ஒரு கொத்து வேணுமா?"

அவர் சிரித்து முடிப்பதற்குள் அவள் சமையற்கட்டுக்கு ஓடினாள். மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. பின்புறம் நாய்களுக்கு வைக்கும் கழிவு வாளியில் ஈ மொய்த்தது. ஆட்டெலும்பு, முலாம்பழத் தோல், மென்று துப்பிய கொழுப்பு, இவற்றுக்கு நடுவே சிவப்பு ரிப்பன்.

ஐயோ, கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருந்தால்? கறி வெந்த தண்ணீர் சூடாகப் பட்டிருந்தால் விதையும் வெந்து போயிருக்கும். உப்பைத் தாங்கிய உயிர் ஒரு பெரிய மனுஷனின் எச்சிலில் முடிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு முழங்கை வரை கையை விட்டாள். கறித்தண்ணீர் எதுவும் ஊற்றியிருக்கவில்லை; தட்டிலேயே உறைந்து போன கொழுப்புத்தான் சில்லென்று விரலெல்லாம் அப்பியது. ஓங்கரித்தது, ஆனாலும் அந்தச் சில்லிப்பு அவள் வயிற்றில் பால் வார்த்தது. எலும்புகளை விலக்கி ஒவ்வொரு கதிராக எடுத்து, தலைத்துணியை அவிழ்த்து அதில் போட்டாள்.

கல்லிபெக் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

"சீச்சீ! அந்த நாத்தத்துலயா கைய விடுற?"

"பரவால்லண்ணே," என்றாள் பிபிசாரா, நிமிராமலே. "வயல்ல அடிச்ச நாத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலை."