மூன்றாவது அழைப்பு

1

ஒரு பத்திரிகை என்னிடம் கேட்டது கட்டுரைதான், கதை அல்ல. அரசு மருத்துவம், தனியார் மருத்துவம் இரண்டையும் ஒப்பிட்டு எழுதித் தரச் சொன்னார்கள். நானும் தாளின் நடுவில் ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம்: எல்லோருக்கும் உண்டு, காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம்: காத்திருக்க வேண்டாம், எல்லோருக்கும் இல்லை. வரிப்பணத்தில் எல்லோரையும் பார்க்கும் நாடு, சம்பளத்தில் காப்பீடு பிடித்துக்கொண்டு பார்க்கும் நாடு, வசதி உள்ளவனை மட்டும் உள்ளே விடும் நாடு என்று படித்ததையெல்லாம் நிரப்பினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவருக்கும் எங்கேயும் வலிக்கவில்லை. அதனால் கோட்டின் மேலேயே ஒரு மனிதரை உட்கார வைத்தேன்.

(உங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "விடிவதற்குச் சற்று முன், அப்பாவின் கழுத்தில் ஒரு கட்டி..." வேண்டாம். கட்டிக்கு விடியலும் தெரியாது, அந்தியும் தெரியாது.

இரண்டாவது: "பேருந்து நிலையத்தில் மைக் பிடித்தே தலை நரைத்தவர்..." இது தேவலை.

அறிவிப்பாளர் அவர். வீட்டில் தண்ணீர் கேட்டால்கூடத் தெருமுனையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று முறை குரல் கொடுப்பார். மூன்றாவது குரலுக்கு முன் எந்த ஓட்டுநரும் வண்டியை எடுத்துவிட முடியாது, சண்டைக்கே போய்விடுவார். அவருக்குத்தான் கழுத்தில் கட்டி. எடுத்தாக வேண்டும், ரொம்பத் தள்ளிப்போட்டால் குரல் போய்விடும் என்றார் டாக்டர். அதே டாக்டர் காலையில் பெரியாஸ்பத்திரியிலும் மாலையில் தனியாரிலும் அறுப்பவர். கத்தி பிடிக்கும் கை ஒன்று, திரைச்சீலைதான் வேறு.

3

அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். இளையவள் தனியார் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில். அவரவர் இடத்துக்கு அப்பாவை இழுப்பார்கள், நமக்கு ஒரு நல்ல சண்டை கிடைக்கும் என்று சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத எழுத இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

"உன் இடத்துலயே சேர்த்துடு. எங்ககிட்ட வேண்டாம்" என்றாள் மூத்தவள்.

"ஐயோ, எங்ககிட்டயா? வேண்டவே வேண்டாங்க்கா. உங்க இடந்தான் நல்லது."

அப்பா சிரித்தார். "நல்ல கூத்துதான் போ! ரெண்டு பேரும் அவங்கவங்க கடைச் சரக்கை வேண்டாங்கறீங்க. அப்புறம் ஊருக்கு என்னத்த விக்கறீங்க?"

மூத்தவளை நான் நம்பவில்லை. கூட்டம், நாற்றம் என்று அவள் அலுத்துக்கொள்வதாக எழுதினேன். பொருந்தவில்லை, அடித்துவிட்டேன். அவள் சொன்னது இது:

"வரிசையில அடுத்து யாரைக் கூப்பிடணும்னு பாக்கறது நாந்தாம்ப்பா. உங்க பேரு அதுல இருந்தா என் கை சும்மா இருக்காது. முன்னால தள்ளிடுவேன். யாரோ ஒருத்தர் பின்னால போவாங்க. அவங்க முகங்கூட எனக்குத் தெரியாது."

இளையவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "வேண்டாத டெஸ்டைக்கூட வேணும்னு சிரிச்சுக்கிட்டே சொல்றதுதான் என் வேலை. மத்தவங்க ரெண்டு கேள்வியாவது கேப்பாங்க. நான் சொன்னா நீங்க அப்படியே நம்பிடுவீங்களேப்பா."

இருவருக்கும் பயம் தங்கள் மேலேயேதான். இதைக் கோட்டின் எந்தப் பக்கத்தில் எழுதுவது? பத்திரிகையிடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டேன்.

4

ஒரு நாள் காலை அப்பா தானே கிளம்பிப் போனார். நர்ஸின் அப்பா என்று மூச்சுவிடாமல், பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட்டு வந்தார். அவர் அப்படிச் செய்ததற்குக் காரணம், [இங்கே காரணம் வரவேண்டும், கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.]

காத்திருந்த வாரங்களில் குரல் கம்மிக்கொண்டே போனது. நிலையத்தில் வேறொருவர் மைக் பிடித்தார்.*

* 'நடுவில் தனியாருக்குப் போயிருக்கலாமே?' என்று கேட்பீர்கள். பயத்தையெல்லாம் விழுங்கிவிட்டு இளையவளும் தினம் கேட்டாள். "ஏறி உக்காந்தாச்சும்மா. பாதியில எறங்க மாட்டேன்" என்றார்.

5

மதிய நேரம், மூத்தவளின் வார்டு. அப்பா ரத்தப் பரிசோதனைக்கு வந்திருந்தார், துணைக்கு இளையவள். மறுநாள் ஆபரேஷன் இருந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, அந்த இடம் காலியானது. அடுத்த பெயர் யாரோ ஒருவருடையது. அதற்கு அடுத்தது அப்பா. போனில் இரண்டு முறை கூப்பிடுவார்கள், எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு இடம் போய்விடும். அதுதான் அங்கே வழக்கம். மூத்தவள் இரண்டு முறையும் மணி முழுக்க அடிக்கும்வரை காத்திருந்தாள். யாரும் எடுக்கவில்லை.

"அப்பா, அடுத்தது நீங்கதான்." மூத்தவள் போனைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணும் பண்ணலப்பா. தானா வந்துடுச்சு."

"கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்துடுச்சுக்கா!" இளையவள் அழுதேவிட்டாள்.

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன்: "அப்பாவின் குரல் மறுபடியும் நிலையம் முழுக்க..." அவர்தான் விடவில்லை.

"எத்தனை தடவ கூப்பிட்ட?" பாதிக் காற்றாகத்தான் வந்தது குரல்.

"ரெண்டு. இங்க அவ்வளவுதாம்ப்பா வழக்கம்."

"மூணாவது கூப்பிடு."

"அப்பா, சும்மா இருங்க. உங்க குரல்..." என்றாள் இளையவள்.

"தண்ணி புடிக்கப் போனவன், புள்ளையத் தேடிப் போனவன் எல்லாம் மூணாவது குரலுக்குத்தாம்மா ஓடி வருவான். ரெண்டோட நான் வண்டிய விட்டதே இல்ல."

6

மூத்தவள் எண்களை அழுத்தினாள். எடுத்துவிடக் கூடாது கடவுளே என்று வேண்டிக்கொண்டேதான் அழுத்தினாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, நானும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தேன். எடுத்தால் ஒரு முடிவு, எடுக்காவிட்டால் ஒரு முடிவு என்று இரண்டும் எழுதிக் கையில் வைத்திருக்கிறேன். எதைச் சேர்ப்பது என்பது என் கையில் இல்லை.

உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது என்றேனே. அப்பாவுக்கு முன்னால் இருந்த அந்தப் பெயருக்கு நான் முகமே வைக்கவில்லை. அது நீங்கள்தான். உங்களுக்கும் கழுத்தில் ஒரு கட்டி, நீங்களும் அவரைப் போலத்தான் காத்திருக்கிறீர்கள். குளித்துவிட்டு ஈரத் தலையோடு இப்போதுதான் அறைக்குள் வருகிறீர்கள். மேசைமேல் போன் அடித்துக்கொண்டிருக்கிறது.