சொந்த விருப்பத்தின் பேரில்

பிப்ரவரி ஆறாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு, கதவு நிலைகள் செய்யும் தச்சர் ஒருவரின் வீட்டில், பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய ஒரே மகள், தன்னைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடுமாறு கேட்கும் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தாள். கடிதம் தந்தையின் பெயரில் போக வேண்டியது. தந்தைக்கு எழுதத் தெரியாது; தாய்க்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். ஆகவே அந்த வேலை அவளிடம் வந்து சேர்ந்தது. பள்ளி எழுத்தர் கொடுத்தனுப்பிய மாதிரித் தாள் பக்கத்தில் இருந்தது. ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார்.

நான்காம் வரியில் பேனா நின்றது.

"அப்பா, 'படிப்பில் நாட்டமில்லாத காரணத்தால், என் சொந்த விருப்பத்தின் பேரில்'னு போட்டிருக்கு. நாட்டமில்லைன்னு நான் எப்பப்பா சொன்னேன்?"

தச்சர் உள்ளங்கையில் ஏறியிருந்த மரச்சிராயைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"இருக்கிறதைப் பாத்து எழுது கண்ணு. பெரிய இடத்து விஷயம். நமக்கு எதுக்கு வம்பு?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த தாய் கத்தியைக் கீழே வைத்தார்.

"பெரிய இடமாம். நம்ம பொண்ணு என்ன உளுத்த பலகையா, தட்டிப் பாத்து ஒதுக்கி வைக்க?"

"நானும் ஒதுக்கத்தானே செய்யறேன்? பட்டறைக்கு வர்ற பலகையெல்லாமா கதவாகுது?"

"கதவுக்கு ஆகாத பலகையை நீங்க வீசி எறிஞ்சதில்லையே. முக்காலி பண்ணிக் குடுத்தீங்க. அதுல உக்காந்துதான் இப்ப பேசிட்டிருக்கீங்க."

தச்சர் சிராயைத் தேடுவதை விட்டுவிட்டார்.

அந்தப் பெண்கள் பள்ளியின் வாயிலில் ஒரு பலகை இருந்தது. பதினோர் ஆண்டுகளாகப் பொதுத்தேர்வில் எழுதியவர் அனைவரும் தேர்ச்சி என்று, ஆண்டு வாரியாக வெள்ளெழுத்தில் தீட்டியிருந்தார்கள். வாக்கியத்தில் பொய் இல்லை. எழுதியவர் அனைவரும் தேர்ச்சி பெற்றார்கள். தேர்ச்சி பெறமாட்டார்கள் என்று கருதப்பட்டவர்கள் எழுதவில்லை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எந்தப் பாடத்திலாவது நாற்பதுக்குக் கீழே வாங்கியவர்களின் பட்டியல் தயாராகும். பெற்றோரை அழைத்து, அடுத்த ஆண்டு தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லி, கடிதம் வாங்கிக்கொள்வார்கள். ஆசிரியைகளின் ஓய்வறையில் இதற்குப் 'புடைக்கிறது' என்று பெயர். "இந்தத் தடவை எத்தனை பதர்?" என்று கேட்டுக்கொண்டே தேநீர் குடிப்பார்கள். அப்படிக் கேட்டவர்களும் கெட்டவர்கள் அல்லர்; வழக்கமான சொல் யாருக்கும் உறுத்துவதில்லை. பதினோர் ஆண்டுகளில் இருபத்தாறு பெண்கள் வெளியே போயிருந்தார்கள். மறு ஆண்டு தனியாக எழுதியவர் ஒருவரும் இல்லை.

தச்சர் மகள் அரையாண்டுக் கணக்குத் தேர்வில் வாங்கியது பதினொன்று. மற்றப் பாடங்களில் தட்டுத்தடுமாறி ஐம்பதைத் தொட்டிருந்தாள். வாய் திறக்காதவள் என்பதால் வகுப்பில் அவளுக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பட்டப்பெயர். கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு, அழித்து, அடுத்ததைப் போட்டு, எல்லாரும் சேர்ந்து சூத்திரத்தை ஒப்பிப்பதுதான் அங்கே கணக்கு கற்பிக்கும் முறை. அந்த முறையில் முப்பத்தைந்து பேருக்குக் கணக்கு வந்தது. நான்கு பேருக்கு வரவில்லை. வராத நால்வருக்கும் மூளை இல்லை என்று முடிவு செய்யப்பட்டது. முறையைக் குறித்து எவரும் எதுவும் முடிவு செய்யவில்லை.

நவம்பரில் புதிதாக வந்த கணக்கு ஆசிரியைக்கு முப்பது வயது. அவர்தான் ஒரு சனிக்கிழமை, வீட்டு மேசைக்குக் கால் மாற்றவென்று தச்சர் பட்டறைக்குப் போனவர், தம் மாணவியை அங்கே பார்த்தார். தந்தை சேர்த்து வைத்திருந்த நிலைச் சட்டத்தின் மூலை நேராக இருக்கிறதா என்று அவள் சோதித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்து குறி வைத்தாள். இரு குறிகளுக்கும் இடையே நூல் பிடித்தாள். ஐந்தடிக்கு விரற்கடை குறைந்தது. "கோணல்பா, உள்ளே சாயுது," என்றாள். இரண்டு நாளுக்கு முன்புதான் செங்கோண முக்கோணத் தேற்றத்தைச் சொல்லத் தெரியாமல் அவள் ஒரு மணி நேரம் நின்றிருந்தாள். நிற்க வைத்தவர் இந்த ஆசிரியையேதான். மேசைக் காலை மறந்துவிட்டு வீடு திரும்பிய அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அவர் ஒரு துணிப்பையோடு வகுப்புக்கு வந்தார். நூல், பொத்தான், மரத்துண்டு, மடித்துப் பார்க்க அட்டைகள். மாணவிகள் அவருக்குப் 'பெட்டிக்கடை டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். கடைசி வரிசை நால்வரையும் மாலையில் ஒரு மணி நேரம் நிறுத்திக்கொண்டார். தச்சர் மகள் எதையும் தொட்டுப் பார்த்தால்தான் புரிந்துகொண்டாள். இன்னொருத்திக்கு நடந்துகொண்டே உரக்கச் சொல்ல வேண்டும்; அவள் தாழ்வாரத்தில் போய் வந்துகொண்டே சமன்பாடுகளைத் தனக்குத்தானே விளக்கிக்கொண்டாள். படமாக வரைந்தால் ஒருத்திக்கு வந்தது. நான்காமவளுக்கு என்ன செய்தால் வரும் என்று ஆசிரியைக்குக் கடைசி வரை தெரியவில்லை. தெரியவில்லை என்பதை அவர் அந்தப் பெண்ணிடமே சொன்னார். அதுவரை அவளிடம் எந்தப் பெரியவரும் அப்படிச் சொன்னதில்லை.

இதெல்லாம் பலன் தருவதற்குள் அரையாண்டுத் தேர்வு முந்திக்கொண்டது, பட்டியலும் தயாராகிவிட்டது. நால்வருக்கும் மறுதேர்வு வைக்கும்படி ஆசிரியை வற்புறுத்தினார். ஜனவரிக் கடைசியில் தலைமையாசிரியை தாமே கேள்வித்தாள் தயாரித்து, தாமே எதிரில் உட்கார்ந்து நடத்தினார். பை வெளியே வைக்கப்பட்டது. தேர்வு நெடுகிலும் தச்சர் மகளின் இடக்கை விரல்கள் மேசைமேல் இல்லாத நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. மூவர் முப்பதைத் தாண்டவில்லை. அவள் நாற்பத்தாறு வாங்கினாள்.

"நாற்பத்தாறு மேடம். பை இல்லாம," என்றார் ஆசிரியை.

தலைமையாசிரியை விடைத்தாளை இரண்டு முறை புரட்டினார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். அடுத்த தெருவில் புதிதாக ஒரு பள்ளி திறந்திருந்தது. சென்ற ஆண்டு நாற்பது பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள்.

"நான் கண்ணால பாத்தேன், டீச்சர். அந்தப் பொண்ணு காத்துல எதையோ முடிச்சு போட்டுட்டு இருக்கா. பரீட்சை அன்னைக்கு பயத்துல விரல் நின்னு போச்சுன்னா? நூறு சதவீதம் தொண்ணூத்தேழு ஆச்சுன்னா, அதுக்கு நீங்க பதில் சொல்வீங்களா, நான் சொல்லணுமா?"

"அவ பதில் சொல்லுவா மேடம். பரீட்சை அவளுக்குத்தானே."

பட்டியலிலிருந்து பெயரை எடுக்க முடியாது என்று மறுநாள் தெரிவிக்கப்பட்டது.

இவ்வளவும் தச்சர் வீட்டில் தெரியும். ஆசிரியை நேரில் வந்து, ஒளிக்காமல், தம்மால் முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மகள் மாதிரித் தாளைக் குப்புறக் கவிழ்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்து, மூன்று வாக்கியங்கள் எழுதினாள். பிறகு தந்தைக்குப் படித்துக் காட்டினாள். "என் மகள் கணக்கு மறுதேர்வில் நாற்பத்தாறு மதிப்பெண் பெற்றிருக்கிறாள். அவளுக்குப் பொதுத்தேர்வு எழுத விருப்பம் உண்டு. பள்ளியின் தேர்ச்சி குறைந்துவிடக் கூடாது என்று தலைமையாசிரியை அவர்கள் கேட்டுக்கொண்டதால் அவளை நிறுத்துகிறேன்."

தச்சர் "இதுல பொய் எதுவும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். தாய் காய் நறுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியை அறையில் தச்சர், மனைவி, மகள் மூவரும் நின்றார்கள். எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். தச்சர் கட்டை விரலை நனைத்து, மகள் காட்டிய இடத்தில் அழுத்தினார். அதன்பின் தலைமையாசிரியை கடிதத்தைப் படித்தார். முகம் சிவந்தது, ஆனால் குரலை உயர்த்தவில்லை. இப்படி ஒரு கடிதத்தைப் பள்ளியில் வைத்துக்கொள்ள முடியாது என்றார். எழுத்தர் இரண்டு நிமிடத்தில் மாதிரியைப் பார்த்து வேறொன்று எழுதித் தந்தார்.

"இதுல வைங்க."

தச்சர் புதிய தாளைப் பார்த்தார். எழுத்து அவருக்குக் கோடுகள்தாம். "இதுல என்னம்மா இருக்கு?" என்று மகளைக் கேட்டார். அவள் படித்தாள். நாட்டமில்லாத காரணம் என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

தச்சர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, எனக்குப் படிப்பு கிடையாது. நீங்க நிறுத்துன்னா நிறுத்திடறேன். எதுத்துப் பேசற ஆளில்ல நான். ஆனா வேணாம்னு நானும் சொல்லல, என் பொண்ணும் சொல்லல. நிறுத்துறது நீங்க. அதை நீங்களே எழுதிக்குங்க."

மூவரும் வெளியே வந்தார்கள். தாழ்வாரத்தைக் கடக்கும்போது பத்தாம் வகுப்பில் சூத்திரம் ஒப்பிக்கும் ஓசை கேட்டது. மகள் நிற்கவில்லை. வாயிலைத் தாண்டிய பிறகுதான் அழுதாள்; தாய் அவளுடைய புத்தகப் பையை வாங்கித் தம் தோளில் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி பத்தாம் தேதி, திங்கட்கிழமை, மாலை நான்கு மணிக்கு ஆசிரியைகளின் கூட்டம் நடந்தது. பெற்றோர் கடிதம் கிடைக்காமையால், வருகைக் குறைவைக் காரணம் காட்டித் தச்சர் மகளின் பெயரை நீக்குவதென்று தீர்மானிக்கப்பட்டது. அந்த ஆண்டில் அவள் வராத நாள்கள் மூன்று. பதிவேடு அதற்கேற்பத் திருத்தப்பட்டது. மற்ற மூவருடைய கடிதங்களும் மாதிரிப்படியே இருந்தமையால் ஏற்கப்பட்டன. வெவ்வேறு மாணவியருக்கு வெவ்வேறு விதமாகக் கற்பிக்கும் புதிய முறை இப்பள்ளியில் வெற்றிகரமாகக் கையாளப்படுகிறது என்று கல்வி அதிகாரிக்கு அறிக்கை அனுப்புவதென்றும், அதற்குச் சான்றாக மறுதேர்வில் நாற்பத்தாறு பெற்ற விடைத்தாளை, பெயரை மறைத்து, இணைப்பதென்றும் தீர்மானிக்கப்பட்டது. கணக்கு ஆசிரியை கையொப்பமிட மறுத்தார். மற்ற எட்டுப் பேரும் கையொப்பமிட்டார்கள். தீர்மானம் நிறைவேற ஐந்து பேர் போதும்.