மண்வெட்டி தூக்கமாட்டாத கை

1962ஆம் ஆண்டு யூன் மாதம் 16ஆம் திகதி, சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் கமக்காரர் சங்கக் கொட்டிலில் இருந்தவர்கள் விபரம் பின்வருமாறு. மேசைக்குப் பின்னால் நடுக்கதிரையில் சங்கத் தலைவர் வீரகத்தி. அவருக்கு வலப்பக்கக் கதிரையில் ஊர்த் தலைமைக்காரரான விதானையார். இடப்பக்கக் கதிரையில் தலைவரின் மகன் யோகலிங்கம். அவர் வார்சிற்றியில், அதாவது பல்கலைக்கழகத்தில், மூன்றாம் வருடம் படிப்பவர், விடுமுறைக்கு வந்திருந்தார். சங்கத்தில் உறுப்பினர் அல்லர். காலில் போட்டிருந்த வெள்ளைக் களிசான் ஊத்தையாகிவிடும் என்று ஆட்கள்தான் அவரை வற்புறுத்தி அந்தக் கதிரையில் இருத்தினார்கள். அது என்னுடைய கதிரை. செயலாளராகிய நான், பரமலிங்கம், மேசையோரத்தில் ஒரு நெல்மூட்டையின் மேல் இருந்தேன். வாங்குப் பலகைகளில் கமக்காரர் இருபத்திரண்டு பேர். அவர்களைத் தவிர, முன்வாங்கில் தவராசா, கையில் ஒரு துவரங்கம்புடன். வெளியே வேலியோரம் மண்ணில் இலட்சுமி. அவளுடைய புருஷன் சின்னராசா மட்டும் இருக்கவில்லை. கைகளைப் பின்னால் வரிந்து, கொட்டிலின் நடுத்தூணாகிய கப்போடு அவனைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள்.

மேசைமேல் சாக்கில் சுற்றிய மண்வெட்டி ஒன்று கிடந்தது. '13.6.62, ஏழாம் வாய்க்கால் மடை' என்று என் கையால் எழுதிய துண்டை அதில் கட்டியிருந்தேன். பக்கத்தில், பொலிசுக்கு நான் எழுதி முடித்திருந்த கடிதம். ஒப்பம் வைப்பதுதான் பாக்கி.

புதன்கிழமை காலை தவராசாவின் தமையன் கனகலிங்கம் அந்த மடையடியில் மண்டை பிளந்து கிடந்தார். அவரைத் தோளில் போட்டு அரைக்கட்டை தூரம் தெருவுக்குச் சுமந்துவந்தவன் சின்னராசா. அவனுடைய சட்டை முழுக்க இரத்தம். அன்றைய தண்ணீர் முறை வீரகத்தியருடையது, சின்னராசா வீரகத்தியரின் வயலில் கூலி, மண்வெட்டியும் வீரகத்தியருடையது. கனகலிங்கம் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் இன்னமும் கண் திறக்கவில்லை. செத்தால் சின்னராசாவுக்குத் தூக்கு. பிழைத்தாலும் பத்து வருட மறியற்சிறைக்குக் குறையாது. யார் கேட்டாலும் அவன் சொன்ன மறுமொழி ஒன்றுதான்: "நான் அடிக்கேல்லை. மற்றது ஒண்டும் எனக்குத் தெரியாது."

"கடிதத்தை வாசியும், பரமலிங்கம்," என்றார் தலைவர்.

நான் வாசிக்கத் தொடங்குமுன் தவராசா எழுந்து போய்க் கம்பால் சின்னராசாவின் தொடையில் ஒன்று வைத்தான். "முதல் இவன் தன்ரை வாயாலை சொல்லட்டும். பிறகு வாசியுங்கோ." அடுத்தது முழங்காலில் விழுந்தது. மூன்றாவதில் கம்பின் நுனி பிய்ந்து கூரைக் கிடுகில் போய்க் குத்தியது. சின்னராசா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். வெளியே இலட்சுமி குழறிய சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

நான்காவது அடிக்குக் கம்பு உயர்ந்தபோது யோகலிங்கம் எழுந்தார்.

"அவரை விடுங்கோ. கனகலிங்கண்ணையை அடிச்சது நான்."

 பிறகு பின்வாங்கில் ஒருவர் சிரித்தார். அது வாங்கு வாங்காக முன்னுக்கு வந்தது.

"தம்பி, உங்கடை கையைக் கொஞ்சம் காட்டுங்கோ பாப்பம். பேனையைத் தவிர எதைத் தூக்கினது உது?"

"போன வருசம் வயலுக்கு வந்து ஒரு அட்டை கடிச்சதுக்கு ரெண்டு நாள் பாயிலை கிடந்தவர் எல்லே."

"வார்சிற்றிப் பொடியள் அடிக்கிறதெண்டால் இங்கிலீசிலைதான் அடிப்பினம்."

விதானையார் மட்டும் சிரிக்கவில்லை. விசயம் தெரிந்தவர்போலத் தலையாட்டினார். "நான் சொல்லுறன் கேளுங்கோ. அங்கை சிவப்புச் சட்டைக்காரர் இருக்கினம். ஏழையளுக்காக மறியலுக்குப் போனால் பெரிய புண்ணியம் எண்டு பொடியளுக்குப் படிப்பிக்கிறது அவைதான். தம்பிக்கு நல்ல மனம். அதுதான் பழியைத் தான் ஏற்கிறார்."

"ஓம் ஓம், அப்பிடித்தான்," என்றார்கள்.

"இல்லை!" யோகலிங்கத்தின் குரல் கிறீச்சிட்டது. அதற்கும் சிரித்தார்கள். "அப்பு பரந்தனுக்குப் போனதாலை நான்தான் தண்ணி பாக்கப் போனனான். எங்கடை முறையிலை அவர் மடையை அடைச்சு வைச்சிருந்தார். திறவுங்கோ எண்டன். 'களிசான் நனையும் தம்பி, வரம்பிலை இருந்து புத்தகம் படியும், தண்ணிக்குக் கொப்பரை வரச்சொல்லும்' எண்டார். சொல்லிப்போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டார். நான் மண்வெட்டியை எடுத்து..."

"மோனை, இரு," என்றார் வீரகத்தி. அவர் மகனைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த சாக்குச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூண்டு நாளாய்ப் பொடியன் சாப்பிடேல்லை, நித்திரையுமில்லை. சோதினைக்குப் படிச்சுப் படிச்சு மூளை களைச்சுப்போச்சு. விட்டுப்போட்டு வாசியும், பரமலிங்கம்."

யோகலிங்கம் மேசையில் ஊன்றிய வலக்கை எனக்கு முன்னால்தான் இருந்தது. பெருவிரலின் அடியில் கொப்புளம் ஒன்று உடைந்து காய்ந்திருந்தது. சைக்கிள் பிடித்ததால் வந்திருக்கும் என்று நினைத்தேன். நானும் நம்பவில்லை. எழுத வாசிக்கத் தெரியாத வீரகத்தியருக்காக மூன்று வருடமாக மாதம் ஒரு கடிதம் மகனுக்கு எழுதியவன் நான். வந்த மறுமொழிகளை வாசித்துக் காட்டியவனும் நான். குளிர், நூல்நிலையம், வேகாத சோறு, தங்கச்சிக்குச் சுகமா என்ற விசாரிப்பு. அந்த முப்பது கடிதங்களில் கோபம் என்று ஒரு வரி இருந்ததில்லை. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும் என்பதால் அந்தக் கையையும் எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

நான் கடிதத்தைக் கையில் எடுத்தேன். தவராசா கம்பைத் திருப்பி, தடித்த பக்கத்தால் சின்னராசாவின் வாயில் அடித்தான். பல் ஒன்று தெறித்து மேசைக்கால் அருகே வந்து விழுந்தது. இரத்தம் நாடியால் வழிந்து நெஞ்சில் இறங்கியது.

"சொல்லடா! வார்சிற்றித் தம்பி உனக்காகப் பொய் சொல்லுறார். நீ உண்மையைச் சொல்லடா!"

மேசை ஆடியது. நிமிர்ந்தபோது சாக்கு மட்டும் கிடந்தது. யோகலிங்கம் மேசையைச் சுற்றி ஓடவில்லை. அதன்மேல் ஏறிக் குதித்திருந்தார். மண்வெட்டியின் பிடியை இரண்டு கையாலும் அடியில் பிடித்து, இடுப்பைத் திருப்பி, வீசினார். பழக்கமில்லாதவனின் வீச்சுத்தான், ஆனால் முழுப்பாரமும் அதிலே இருந்தது. இரும்பின் பின்பக்கம் தவராசாவின் முழங்கைக்குக் கீழே விழுந்தது. காய்ந்த பாளை முறிகிற சத்தம் கேட்டது. தவராசா கம்பை விட்டு நிலத்தில் விழுந்து புரண்டான். கை ஒரு பக்கமும் விரல்கள் வேறொரு பக்கமும் பார்த்தன.

யோகலிங்கம் நிற்கவில்லை. மண்வெட்டி திரும்பவும் உயர்ந்தது. இந்த முறை அலகு கீழே பார்த்தது. தவராசாவின் தலை நேர் கீழே. யோகலிங்கத்தின் முகத்தில் அப்போது எதுவுமே இல்லை. இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூட அசையவில்லை.

"தம்பி, வேண்டாம்!" கப்பில் கட்டுண்டு நின்ற சின்னராசாதான் கத்தினான். வாயிலிருந்து இரத்தம் சொற்களோடு தெறித்தது. "அண்டைக்கும் உப்பிடித்தான் ரெண்டாந்தரம் ஓங்கினனீங்கள்! அண்டைக்கும் நான் கத்தித்தானே விட்டனீங்கள்! போடுங்கோ கீழை!"

மண்வெட்டி நிலத்தில் விழுந்தது. அலகு தவராசாவின் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி மண்ணில் குத்தி நின்றது.

அதன் பிறகு கொட்டிலில் யாரும் சிரிக்கவில்லை. இலட்சுமி உள்ளே வந்தாள். யாரும் தடுக்கவில்லை. நனைந்து இறுகிய முடிச்சைக் கையால் அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தாள். புருஷனை நிலத்தில் இருத்திவிட்டு யோகலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"மூண்டு நாள், தம்பி. மூண்டு நாள் எங்கை இருந்தனீங்கள்?"

"அறைக்குள்ளை," என்றார் யோகலிங்கம். அவருடைய களிசானில் சிவப்பாகப் புள்ளிகள் இருந்தன. "அவரைத் தண்ணியுக்குள்ளை விட்டிட்டு ஓடினனான். சின்னராசாண்ணை வந்ததைக் கண்டனான். கண்டும் ஓடினனான்."

விதானையார் எழுந்து நின்றார். "டேய் சின்னராசா, கண்ணாலை கண்டவன் ஏன்டா வாயை மூடிக்கொண்டு நிண்டனீ?"

சின்னராசா இரத்தத்தைத் துப்பினான். "நான் சொன்னால் நம்புவியளோ? அவர் தானாய்ச் சொல்லியே நீங்கள் நம்பேல்லை."

விதானையார் திரும்பவும் கதிரையில் இருந்தார். 

தவராசாவின் கைக்கு இரண்டு மடைப்பலகைத் துண்டுகளை வைத்துச் சால்வையால் கட்டினோம். அவனையும் சின்னராசாவையும் ஒரே வண்டிலில் ஏற்ற வேண்டியிருந்தது. ஊரில் அன்று மாடு பூட்டியிருந்தது அது ஒன்றுதான். வண்டிலில் ஏறும்போதும் தவராசா தூஷணத்தால் பேசினான். யாரைப் பேசுகிறான் என்று அவனுக்கே தெரிந்திராது.

நான் பழைய கடிதத்தை நாலாகக் கிழித்தேன். புதுத்தாள் எடுத்துத் திகதி இட்டு, நடந்ததை மணிக்கணக்கின்படி எழுதினேன். புதன்கிழமை நடந்தது, இன்று நடந்தது, சின்னராசா என்பவரைக் கட்டிவைத்து அடித்தது, அதைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள், அவர்களில் கடிதம் எழுதுகிற நானும் ஒருவன் என்பது. குற்றவாளியின் பெயர், வயது வரை எழுதிவிட்டேன். தொழில் என்ற இடத்தில் வீரகத்தி என் கையைப் பிடித்தார்.

"பரமலிங்கம், வார்சிற்றி எண்டு மட்டும் எழுதாதையும். அங்கையிருந்து கலைச்சுப்போடுவாங்கள். கமம் எண்டு எழுதும். கமக்காரன்ரை பொடியன்தானே."

"எழுதாட்டிப் பொய், அப்பு," என்றார் யோகலிங்கம். இப்போது அவர் நிலத்தில், கப்படியில் இருந்தார். "ஆனால் எழுதினால் ஸ்ரேசனிலையும் சிரிப்பாங்கள், பரமலிங்கண்ணை. இவை சிரிச்ச மாதிரி. பிறகு பழையபடி சின்னராசாண்ணையைத்தான் பிடிப்பாங்கள்."

அது உண்மை. அரை மணிக்கு முன்னால் நானே அப்படித்தான் நினைத்தேன். 'பல்கலைக்கழக மாணவர்' என்றே எழுதினேன். யாரும் சிரித்துத் தள்ளிவிடாதபடி அதன்கீழே 'மேற்படி நபர் மண்வெட்டியால் அடித்ததைக் கண்ணால் கண்டோம்' என்று ஒரு வரி எழுதி, இருபத்தைந்து கோடுகள் இழுத்து இலக்கமிட்டேன். கமக்காரர் இருபத்திரண்டு பேர், விதானையார், நான், தலைவர்.

சிலர் தோட்டத்தில் வேலை கிடக்கிறது என்று எழும்பினார்கள். "கண்ணாலை கண்டதுக்குத்தானே கேக்கிறன்," என்றேன். "சிரிச்சதுக்கு ஒப்பம் கேக்கேல்லை." வந்து வைத்தார்கள். விதானையார் தன் பெயரை நீட்டி எழுதினார்.

இருபத்துநாலு கோடுகள் நிரம்பின. முதலாவது வெறுமையாக இருந்தது. சங்கக் கடிதத்தில் அது தலைவருக்கு உரியது. மைப்பெட்டியைத் திறந்து வீரகத்தியருக்கு முன்னால் வைத்தேன். மூன்று வருடமாக மகனுக்குப் போன ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அவர் இப்படித்தான் கைநாட்டு வைத்தார். அப்பாவின் விரலைக் கண்டால் மகனுக்குச் சந்தோசம் என்று சொல்லிச் சொல்லி வைப்பார்.

"எனக்கு ஒரே ஒரு பொடியன், பரமலிங்கம்."

 யோகலிங்கம் எழுந்து வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றார், தொடவில்லை. வீரகத்தி பெருவிரலை மையில் ஒற்றினார். கோட்டின் மேல் கொண்டுவந்து, வெகுநேரம் அந்தரத்தில் வைத்திருந்தார். பிறகு தாள் கிழியும்படி அழுத்தினார்.

மை காயும்வரை ஊதினேன். மூன்றாக மடித்து உறையிலிட்டு, மெழுகுதிரியில் அரக்கை உருக்கி ஊற்றிச் சங்க முத்திரையைப் பதித்தேன். மண்வெட்டியை மண்ணிலிருந்து பிடுங்கிச் சாக்கில் சுற்றி, பழைய துண்டில் இரண்டாவது திகதியையும் சேர்த்துக் கட்டினேன். விதானையார் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்து, மண்வெட்டியைச் சைக்கிள் கரியலில் கட்டி, கிளிநொச்சிப் பொலிஸ் ஸ்ரேசன் பக்கம் உருட்டத் தொடங்கினார். யோகலிங்கம் அவருக்கு ஒரு கவடு முன்னால் நடந்தார். மணி பன்னிரண்டேகால்.