நாலாவது தலையணை

பலகைக்காரருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் வம்பே இல்லை. பொய் தெரிந்தவன் அளவோடு சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வான். இவரோ உண்மையைச் சொல்லியே ஆஸ்பத்திரியை ஏமாற்றப் பார்த்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

பஸ் பணிமனையில் முப்பத்தோரு வருடம் மெக்கானிக். நாலு சின்னச் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, காலால் ஒரு உந்து உந்தி, பஸ்ஸுக்கு அடியில் போய்விடுவார். காலையில் போனால் மதியச் சங்கு ஊதும்போதுதான் முகம் வெளியே தெரியும். மேனேஜர் முதல் வண்டி கழுவுகிறவர் வரை எல்லாருக்கும் அவர் பலகைக்காரர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

அந்தப் பணிமனையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் அடியில் போனால் இன்னொருவன் மேலே நிற்க வேண்டும். இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் ஸ்பேனரால் இரும்பில் தட்டுவதுதான் பாஷை. ஒரு தட்டு என்றால் நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு தட்டு என்றால் ஏதோ சாமான் வேண்டும். மூன்று தட்டு என்றால் கேள்வி கேட்காதே, காலைப் பிடித்து வெளியே இழு. மூன்று தட்டுக் கேட்டால் மேனேஜரே குறுக்கே நின்றாலும் அவரைத் தள்ளிவிட்டு இழுக்கலாம், ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பலகைக்காரர் தன் வாழ்நாளில் மூன்று தட்டியதே இல்லை. ஜாக்கி நழுவிக் காது கிழிந்த அன்றும் தானே ஊர்ந்து வெளியே வந்து, கந்தல் துணியால் காதைப் பொத்திக்கொண்டு, "கியர்பாக்ஸ் முடிஞ்சுது, அடுத்த வண்டியைக் கொண்டாங்க" என்றவர்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், மல்லாந்து படுக்க முடியாமல் போய்விட்டது.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. படுத்தால் போதும், நெஞ்சுக்குள் அடியிலிருந்து தண்ணீர் ஏறுகிற மாதிரி இருக்கும். முதலில் இரண்டு தலையணை கேட்டார். பிறகு மூன்று. இப்போது நாலு. நாலு தலையணை வைத்துச் சாய்வதற்குப் படுக்கை என்று பெயர் சொல்லலாமே தவிர, அது உட்காருவதுதான். இதை டாக்டரிடம் சொன்னாரா? "தூக்கமெல்லாம் எப்படி?" என்று டாக்டர் கேட்டபோது, "தூக்கத்துக்கென்ன, பஸ்ஸுக்கு அடியிலயே குறட்டை விட்டவன் நான்" என்றார். பக்கத்தில் இருந்த மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

வால்வை மாற்ற நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பு இன்னொன்று செய்தாக வேண்டும். மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயை விட்டு, சாயம் செலுத்தி, இதயத்து ரத்தக் குழாய்களைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும். அது முடிந்தால்தான் ஆபரேஷன். அதற்காக ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்து, ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். சர்க்கரை உண்டா? மாத்திரை என்னென்ன? மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? எல்லாவற்றுக்கும் மனைவிதான் பதில் சொன்னாள்.

"ஒரு மணி நேரம் சமமா மல்லாந்து படுக்க முடியுமாம்மா அவரால?"

மனைவி மென்று விழுங்குவதற்குள் பலகைக்காரர் போனைப் பிடுங்கிவிட்டார்.

"முப்பத்தோரு வருஷம் மல்லாந்துதாம்மா படுத்தேன்! என்கிட்டப் போயி இதைக் கேக்கறீங்களே!"

நர்ஸ் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அதில் ஒரு சொல்லாவது பொய்யா, சொல்லுங்கள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவர் மறைத்தது உண்மைக்குள்ளேயே.

மனைவி போனை வாங்கி வைத்தாள். "ஏங்க இப்படி?"

"எங்க அண்ணன் கதை மறந்துபோச்சா உனக்கு?"

அவள் மறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய அண்ணனும் இதே மூச்சுத் திணறல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரிடம், "என்னால படுக்க முடியலைங்க" என்று வெள்ளந்தியாகச் சொன்னார். நாலு நாள் வைத்துப் பார்த்தார்கள். "இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். நாற்பதாம் நாள் அண்ணன் இல்லை. அண்ணனுக்கு இதயத் தசையே வெகு நாளாகப் பழுதாகிக் கிடந்தது என்பதெல்லாம் தம்பி காதில் ஏறவே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். படுக்க முடியவில்லை என்று வாயைத் திறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு அனுப்பினால் கதை முடிந்தது.

அன்றைக்கே பயிற்சி ஆரம்பமானது. பரீட்சைக்குப் படிப்பதுபோல, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கட்டிலில் படுத்துக்கொள்வார். மனைவி ஒவ்வொரு தலையணையாக உருவிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பேசினால் மூச்சு செலவாகும் என்று கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுவார். ஒன்று தட்டினால் நன்றாக இருக்கிறார். இரண்டு தட்டினால் தலையணை வேண்டும். இரண்டு தலையணையில் அரை மணி தாக்குப்பிடித்தார். ஒன்றில் பதினாறு நிமிடம். ஒன்றுமில்லாமல் முதல் நாள் நாலு நிமிடம். ஆறாம் நாள் பதினொன்று. அதற்கே முகம் வேர்த்து, உதடு கறுத்து, எழுந்து உட்கார்ந்து அரை மணி நேரம் இருமினார்.

"பதினொண்ணு எங்கே, அறுபது எங்கே? இது நடக்கிற காரியமாங்க?"

"அங்கே போனா ஒரு வைராக்கியம் வரும். நீ பார்த்துக்கிட்டே இரு." அவர் அவள் கையைப் பிடித்தார். "ஒண்ணு மட்டும் செய். அங்கே நான் என்ன ஆனாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

"மூணு தட்டு தட்டினா?"

"மூணு நான் தட்ட மாட்டேன்."

அவள் சத்தியம் செய்தாள். செய்துவிட்டுச் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். புருஷன் மேல் சத்தியம். மீறினாலும் பயம், காப்பாற்றினாலும் பயம். இருதலைக் கொள்ளி எறும்பு என்பது அவளுக்குத்தான் பொருந்தும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலை அவர் பையைத் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு பெரிய பை எதுக்கு? தலையணை கிலையணை எடுத்து வைக்கலையே? பார்த்தா சந்தேகப்படுவாங்க."

"கம்பளிங்க. அங்கே குளிரும்."

ஆயத்த அறை என்பது ஒரு திரைக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம், அவ்வளவுதான். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. நர்ஸ் வந்தாள். போனில் சிரித்தவளேதான், குரலில் தெரிந்தது. முதலில் சட்டையைக் கழற்றச் சொன்னாள். முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற ஒரு கவுனைக் கொடுத்தாள். பல்செட்டை ஒரு டப்பாவில் போடச் சொன்னாள். மோதிரம் சோப்பு போட்டுத்தான் கழன்றது. அது மனைவியின் விரலுக்குப் போயிற்று. இடது கையில் ஊசி குத்தி, அதைச் சொட்டு மருந்துப் பாட்டிலோடு இணைத்தாள். கையொப்பம் வாங்கினாள். சட்டை போச்சு, பல்லு போச்சு, மோதிரம் போச்சு, ஒரு கையும் போச்சு. இதுவரைக்கும் பலகைக்காரர் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, கட்டிலைச் சமமா இறக்கறேன். மணிக்கட்டுலயும் தொடையிலயும் முடி எடுக்கணும்."

கட்டிலின் தலைப்பக்கம் ங்ங் என்று முனகிக்கொண்டு இறங்கியது. நர்ஸ் தலையணையையும் உருவிக்கொண்டாள். மனைவியின் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போயிற்று. மணி ஒன்பது பத்து.

நாலு நிமிடத்தில் முடி எடுக்கும் வேலை ஆனது. அவர் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் பஸ் இருப்பதாக நினைத்துக்கொண்டார். இதோ சேஸிஸ், இதோ கியர்பாக்ஸ், இதோ எண்ணெய் கசிகிற இடம். தெரிந்த இடம்தானே, பயமென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"அசையாம இப்படியே இருங்க. உள்ளே முந்தின ஆள் முடிஞ்சதும் கூப்பிடுவாங்க. விரல்ல மாட்டற கிளிப் கொண்டுவரேன்." நர்ஸ் இரண்டு பக்கக் கம்பிகளையும் தூக்கி நிறுத்தினாள். கடக், கடக். பக்கத்துத் திரையிலிருந்து யாரோ கூப்பிட, அங்கே போனாள்.

அந்தக் கடக் சத்தத்தில்தான் அவருக்கு உறைத்தது. பஸ்ஸுக்கு அடியில் கால் தரையில் இருக்கும். ஒரு உந்து உந்தினால் வெளியே வந்துவிடலாம். முப்பத்தோரு வருடமும் அவர் வெளியே வரக்கூடிய இடத்தில்தான் படுத்திருந்தார். இங்கே இரண்டு பக்கமும் கம்பி, கையில் ஊசி, வாயில் பல் இல்லை, எழுந்தால் வீடு. வீடு என்றால் அண்ணன்.

வலக்கை விரலால் கம்பியில் ஒரு தட்டு தட்டினார். மனைவி தலையாட்டினாள். ஒன்பது பதினாறு.

தண்ணீர் ஏறத் தொடங்கியது. முதலில் அடிநெஞ்சில். பிறகு நடுநெஞ்சில். மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. கவுன் கழுத்தைப் பிடிப்பதுபோல் இருந்தது, ஆனால் அது கழுத்தைத் தொடவே இல்லை. எலிப்பொறியில் மாட்டின எலியாவது ஓடிப் பார்க்கும், கம்பியைக் கடித்துப் பார்க்கும். இவர் அசையக்கூடக் கூடாது. அசையாமல் மூழ்க வேண்டும்.

மனைவி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது பத்தொன்பது. அவர் உதடு நிறம் மாறுவது தெரிந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் யாரிடமோ காலை மடக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறடி தூரம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாயைத் திறந்தாள். அவர் கண்ணை உருட்டி அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்பது இருபத்தொன்று. பதினொரு நிமிடம். வீட்டில் போன தூரம் இதுவரைக்கும்தான். இதற்கு மேல் அவருக்கும் வழி தெரியாது.

வைராக்கியம் வரும் என்று காத்திருந்தார். அது வரவில்லை. இருமல்தான் வந்தது, இருமக் காற்று இல்லை. வாயோரம் நுரை கசிந்தது. செத்துவிடுவோம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அண்ணனாவது தன் வீட்டில் செத்தார், இவர் ஒரு வீம்புக்காக ஒரு திரைக்குப் பின்னால் சாகப் போகிறார். நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. உயிரின் மேல் இத்தனை ஆசை இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

விரல் கம்பியில் பட்டது. ஒன்று.

மனைவி அவரைப் பார்த்தாள்.

இரண்டு.

அவள் அடுத்த தட்டுக்குக் காது கொடுத்தாள்.

மூன்று.

"சிஸ்டர்!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துத் திரையே ஆடியது. "ஓடி வாங்க! அவரால படுக்க முடியாது! ஒரு நாளும் முடியாது! நாலு தலையணை வச்சுத்தான் தூங்கறார், சொல்லாம மறைச்சுட்டோம்!"

நர்ஸ் ஓடி வந்து பொத்தானை அழுத்தினாள். கட்டில் எழுந்தது. கம்பியை இறக்கி, காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தாள். ஒரு டாக்டர் வந்து முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். ஏதோ ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வடிந்து, பலகைக்காரருக்குக் குரல் திரும்பியது. பல் இல்லாத வாயால் அவர் கேட்ட முதல் கேள்வி:

"வீட்டுக்கா டாக்டர்?"

"வீட்டுக்கா? இந்த நிலைமையில உங்களை யார் விடுவா?" டாக்டருக்குக் கோபம். "நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. ரெண்டு மூணு நாள் மருந்து கொடுத்து இறக்கிட்டு, அப்புறம் இதைச் செய்வோம். வாரத்துல நாலு பேர் இப்படித்தான் வராங்க. அவங்க முன்னாடியே சொல்லிடறாங்க. மேசை மேல இது நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

"ஆபரேஷன்?"

"நாள் தள்ளிப் போகும். நடக்கும். ஆனா இனி கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லுங்க."

டாக்டர் போனார். பலகைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். சத்தமில்லாமல்தான், ஆனால் தோள் குலுங்கியது. மனைவிக்கு அவரை அடிக்கவும் வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல் இருந்தது.

"சத்தியத்தை மீறிட்டேங்க."

"மூணு தட்டுக்குச் சத்தியமெல்லாம் கிடையாது" என்றார் அவர். "மேலே நிக்கறவ இழுத்தே ஆகணும். அதுதான் கட்டுப்பாடு."

நர்ஸ் தலையணைகளை அணைத்துக்கொண்டு வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் செருகினாள். "வார்டெல்லாம் தேடி மூணுதாம்மா கிடைச்சுது."

மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். மேலாக இருந்த கம்பளியை எடுத்துப் போட்டுவிட்டு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்த ஒரு மூட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். வீட்டுத் தலையணை. எண்ணெய்க் கறை படிந்த அதே பழைய உறை. அது மெல்ல மெல்ல உப்பிப் பழைய உருவத்துக்கு வந்தது.

பலகைக்காரர் அதையே பார்த்தார்.

"கம்பளின்னு சொன்னியே?"

"ஆமாங்க. முப்பத்தோரு வருஷம் மல்லாந்து படுத்தேன்னு நீங்க சொன்னீங்களே, அந்த மாதிரிக் கம்பளி."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரைக்கு வெளியே போய்விட்டாள். அவர் நாலாவது தலையணையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துக் கம்பியில் ஒரு தட்டுக் கேட்டது.

"நிஜமாவா?" என்று கேட்டாள் அவள்.

அவர் யோசித்தார். பிறகு இரண்டு தட்டு தட்டினார்.

"என்ன வேணும்?"

"பல்செட்டு. பசிக்குது."

அவள் டப்பாவைத் திறந்து கொடுத்தாள். மோதிரத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து வரட்டும் என்று தன் விரலிலேயே வைத்துக்கொண்டாள்.