தாவ் ஷியூயுன் நிறுத்தாமல் இழுத்த தண்ணீர்

பாங் முதலாளியின் பட்டறைச் சுவரிலிருந்து இறங்கிய வெனிஸ் நகரத்துக் கால்வாய் முதல் வேலையாக அவருடைய செருப்பை அடித்துக்கொண்டு போனது.

ஷென்ஜென் நகரத்தில் எங்கள் ஓவியச் சந்தில் யாரும் வெனிஸைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் தினமும் அதைத்தான் வரைகிறோம். கித்தான்களை இடைவெளியில்லாமல் வரிசையாக மாட்டி, ஒருவர் வானத்தை மட்டும், இன்னொருவர் தண்ணீரை மட்டும், தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். வடக்கே ஹூனானிலிருந்து வந்த தாவ் ஷியூயுனும் எண்ணெய் வண்ணத்தை அப்படித்தான் பழகினாள். அவளுடைய ஆறு வயது மகள் ஷியாவ்மான் ஊரில் மாமனார் வீட்டில் இருந்தாள். வருஷப் பிறப்புக்கு மட்டும்தான் பார்க்க முடியும். ஒரு படத்தைத் தனியாளாக முடித்துக் காட்டினால் வேலை நிரந்தரம், மாடியில் ஓர் அறையும் உண்டு, பிள்ளையை அழைத்து வந்துவிடலாம்.

வெயில் அடிக்கும் கால்வாய்ப் படம் ஒன்றைக் கொடுத்து, பார்த்து வரையச் சொன்னார் முதலாளி. வீடுகள், நிழல்கள், மூக்குக் கோணலாகிப்போன ஒரு கறுப்புப் படகு எல்லாம் வந்துவிட்டன. கடைசியில் தண்ணீர். பழக்கதோஷம், அடுத்த கித்தான் இருப்பதாக நினைத்து இழுத்துவிட்டாள். அங்கே சுவர்தான் இருந்தது. நீலம் சுவரில் ஏறி ஓடத் தொடங்கியது.

“ஐயையோ, நிறுத்தும்மா!”

“எப்படி முதலாளி? நடுவுல எடுத்தா தடம் விழும்னு நீங்கதானே திட்டுனீங்க!”

“படத்தைத்தானே வரையச் சொன்னாரு, ஊரை முக்கச் சொன்னாரா?” என்றார் மனிதர்களை மட்டும் வரையும் லுவோ. சொல்லிக்கொண்டே முக்காலி மேல் ஏறிக்கொண்டார்.

தண்ணீர் படியிறங்கி, நூடுல்ஸ் கடையைச் சுற்றிக்கொண்டு, தன் வெயிலையும் கூட்டிக்கொண்டு வடக்கே நெடுஞ்சாலையில் போய்விட்டது. சுவரெல்லாம் வியர்க்கிற அந்த ஈர மாதத்தில் சந்து முழுக்கத் துணி காய்ந்தது.

“படம் சட்டத்துக்குள்ள நிக்கல. நீ தேறல, பொட்டியக் கட்டு” என்றார் முதலாளி. ஷியூயுன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுவாரம் ஒரு மத்தியானம், பெட்டியோடு அவள் வாசலுக்கு வந்தபோது, வடக்கிலிருந்து படத்திலிருந்த அதே கோணல் மூக்குப் படகு வந்தது. அதில் ஷியாவ்மான், மடியில் மிளகாய் ஊறுகாய் ஜாடியோடு. அவ்வளவு தூரம் தெறித்த தண்ணீரில் பிள்ளை உச்சி முதல் உள்ளங்கால் வரை நீல வண்ணம் காயாமல் மின்னினாள்.

“தொடாதே, ஈரம்! கலைஞ்சிடும்!” சந்தே கத்தியது. ஷியூயுன் காதில் எதுவும் விழவில்லை. வாரி அணைத்துக்கொண்டாள்.

இப்போது பாங் முதலாளி சரக்கைக் கால்வாய் வழியாகவே அனுப்புகிறார். மாடி அறையையும் கொடுத்துவிட்டார். ஷியாவ்மானின் இடது கன்னத்தில் அம்மாவின் சட்டை நெசவு அப்படியே பதிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்திருக்கிறார், சீக்கிரம் காயட்டும் என்று.