குப்பைக்கூடையில் ஐந்து சீட்டு

எங்கள் ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் ரகசிய வாக்கெடுப்பு என்பதே கேலிக்கூத்து. இருப்பது ஐந்து பேர். எட்டு வருடமாக ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்திக்கொண்டிருக்கிறோம். யார் 'ழ'வை எப்படிச் சுழிப்பார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

பழைய பிரிவுத் தலைவர் வேலையை விட்டுப் போனதும், "உங்களுக்குள்ளயே ஒருத்தரத் தேர்ந்தெடுத்துக்குங்க" என்று முதலாளி கைகழுவிவிட்டார். போட்டி எனக்கும் கமாவுக்கும். எந்த வரியைப் பார்த்தாலும் காற்புள்ளி வைக்கக் கை துறுதுறுக்கும் மனிதர், அதனால் அந்தப் பெயர். அதே வாரம் நான் எழுத வேண்டிய சொல் 'எலெக்ட்'. "வாக்களித்து ஒருவரைப் பதவிக்குத் தேர்ந்தெடு" என்று பொருள் எழுதினேன். எடுத்துக்காட்டாக, "அவளைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள்" என்றும் எழுதிவைத்தேன். ஆசைதான், வேறென்ன!

அண்ணி, ஓவியர், தட்டச்சர் மூவரும் எனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அண்ணி என் கணவரின் அக்கா. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஒரே வீட்டில் அவர் மாடியில், நாங்கள் கீழே.

பழைய அச்சுப்படியைக் கிழித்துச் சீட்டாக்கி, காலிச் செருப்புப் பெட்டியில் போட்டோம். முதலாளி பிரித்துப் படித்தார். கமாவுக்கு மூன்று, எனக்கு இரண்டு. சீட்டுகளைக் கசக்கிக் கூடையில் எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

மூவரில் யாரோ முதுகில் குத்திவிட்டார்கள். யாரென்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. காலையில் தண்ணீர்க் குழாய் பக்கம் அண்ணியும் கமாவும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். என்னைக் கண்டதும் பேச்சு சட்டென்று நின்றது. சீட்டு எழுதும்போது அண்ணி கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். முடிவு வந்ததும் என் முகத்தையே பார்க்கவில்லை. தம்பி பெண்டாட்டி தனக்கு மேலதிகாரியாக வருவதை எந்த நாத்தனார்தான் பொறுப்பாள்?

மதியம் அண்ணி வழக்கம்போல என் மேசையில் வந்து டப்பாவைத் திறந்தார். நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகல. கூடவே இருந்து குழி பறிச்சவங்களோட உக்காந்து எனக்குச் சாப்பாடு இறங்காது. சாயங்காலம் நீங்க உங்க வழியில போங்க, நான் என் வழியில போறேன். வீட்லயும் அப்படித்தான்."

அண்ணி எழுந்து போய் அந்தக் கூடையைத் தூக்கி வந்து என் மேசையில் கவிழ்த்தார். பென்சில் சீவலுக்கு நடுவே ஐந்து சீட்டுகளையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக நீவி வைத்தார்.

"இது கமா. தனக்கே போட்டிருக்கார், கூச்சமில்லாம. இது தட்டச்சர், இதுவும் கமாவுக்கு. உன்கிட்ட தலையாட்டினதெல்லாம் சும்மா. இது ஓவியர், உனக்கு. இது யார் எழுத்து, சொல்லு பாப்போம்?"

சாய்ந்த எழுத்து, அழுத்தமான புள்ளி. அண்ணியுடையது. என் பெயர்தான் எழுதியிருந்தது.

"குழாய்கிட்ட..." என்று இழுத்தேன்.

"அவரை விலகிக்கச் சொல்லிக் கெஞ்சிட்டிருந்தேன். உன் காதுல விழுந்தா ரோஷப்படுவியேன்னுதான் நிறுத்தினேன்."

ஐந்தாவது சீட்டின் மேல் கையை வைத்தேன். அண்ணி என் விரல்களை விலக்கினார். கமாவின் பெயர். என் கையெழுத்து.

ஆமாம், நான்தான் எழுதினேன். முதலாளி சீட்டைப் பிரித்ததும் எல்லோரும் எழுத்தை அடையாளம் கண்டுவிடுவார்கள், 'தனக்குத்தானே போட்டுக்கிட்டா பாரு' என்று சிரிப்பார்கள் என்று வெட்கம். பெருந்தன்மைக்காரி என்று பெயர் வாங்கலாமே என்று ஒரு நப்பாசை வேறு. மூன்று பேர்தான் இருக்கிறார்களே, என் ஓட்டு எதற்கு என்று நினைத்தேன். அதை எனக்கே போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். அதைவிடக் கேவலம், முடிவு தெரிந்த நிமிடத்திலிருந்து எல்லோர் ஓட்டையும் எண்ணினேன், என்னுடையதை மட்டும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"காலையிலிருந்து உனக்காக ஒருத்தர் கால்ல விழாத குறையா நின்னிருக்கேன். நீ என்னடான்னா வீட்டையே ரெண்டாக்கப் பாத்த" என்றார் அண்ணி. டப்பாவை மூடிக்கொண்டு ஓவியரின் மேசைக்குப் போய்விட்டார்.

மூன்று மணிக்குக் கமா, புதுத் தலைவராக, என் தாளுடன் வந்தார். "பொருள் சரியா இருக்கு. எடுத்துக்காட்டுதான் கொஞ்சம் மொட்டையா நிக்குது. யார் தேர்ந்தெடுத்தாங்கன்னு சேத்தா நல்லா இருக்கும்."

பழைய வரியை அடித்துவிட்டு, "நாங்கள் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தோம்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதில் காற்புள்ளி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு அண்ணி பையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் படியிறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். பேருந்து நிறுத்தம் வரை மூன்று முறை "அண்ணி" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.